நீ எழுதிய சங்கு ஊதவில்லை, ஸ்டெல்லா

என் ஸ்டெல்லாவுக்கு,

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் கேஸ் கசிந்தது. நீ எழுதிய சங்கு ஊதவில்லை.

இவ்வளவை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நடந்து மாதக்கணக்கில் ஆகிறது. இன்னும் என்னால் இதை ஒரே மூச்சில் சொல்ல முடியவில்லை. வேறு யாராவது எழுதிய புரோகிராம் என்றால் நம்பியிருப்பேன். நான் எழுதியது என்றால் கேள்வியே கேட்காமல் நம்பியிருப்பேன். நீ எழுதியது எப்படி ஊதாமல் போகும்?

யாரும் சாகவில்லை. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், உன்னைப் பயமுறுத்திவிட்டேன். ஏழுமலை அண்ணனுக்குத்தான் அடி. நுரையீரலும் கண்ணும். இப்போது நடமாடுகிறார். ஒரு கண் தெளிந்துவிட்டது, இன்னொன்று மங்கலாகத்தான் இருக்கிறது.

இதை உன்னோடு சேர்த்து வேறு சிலரும் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்.

ஸ்டெல்லா என் கணவரின் தங்கை. அதற்கு முன்னாலேயே என் தோழி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் சின்னக் கம்பெனி. லாரி எடைமேடை, குளிர்கிடங்கு, தண்ணீர்த் தொட்டி, இந்த மாதிரி இடங்களில் இருக்கிற கருவிகளுக்குப் புரோகிராம் எழுதிக் கொடுப்பது எங்கள் வேலை. பக்கத்துப் பக்கத்து நாற்காலி. ஒருநாள் தோசைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "எங்கண்ணன் ஒருத்தன் ரயில்வேல கீறான்டி. மூஞ்சி சுமார்தான், மனசு தங்கம். பாக்கிறியா?" என்று கேட்டாள். அப்படித்தான் நான் அவர்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தேன். புளியந்தோப்பு புத்த விகாரையில் ஒருமுறை, ராயபுரம் சர்ச்சில் ஒருமுறை கல்யாணம் நடந்தது. இரண்டு பக்கமும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, இவள் ஒருத்தி மட்டும் இரண்டு பக்கமும் ஓடி ஓடிச் சாப்பிட்டாள்.

போன தவக்காலத்தில், ஈஸ்டருக்கு முன்னால், ஆபீசில், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு "தல வலிக்குதுடி" என்றாள். உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். அவ்வளவுதான், அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை.

ஸ்டெல்லா, நம் சண்டையை இவர்களுக்குச் சொல்ல வேண்டும். அது புரியாமல் நடந்தது எதுவும் புரியாது.

அந்த ஐஸ் கம்பெனிக்கு முதலில் புரோகிராம் எழுதியது நான். சி மொழியில் எழுதினேன். ஐஸ் போட அமோனியா வேண்டும். அது கசிந்தால் ஆளை எரித்துவிடும். அதனால் மிஷின் ரூமில் காற்றை மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கும் ஒரு சென்சார். அது சொல்லும் அளவு எல்லையைத் தாண்டினால் சங்கு ஊத வேண்டும். சங்கு என்றால் எங்கள் பக்கத்தில் கம்பெனி சைரன். நான் எழுதியது வேலை செய்தது. ஆனால் அவ்வப்போது நின்றுவிடும். சில சமயம் ஒன்றுமில்லாததற்கெல்லாம் ஊதும். உப்புக் காற்றில் சென்சார் கொஞ்சம் மக்கர் பண்ணினாலும் ஊதும்.

"மொழிடி! மொழிதான் கோளாறு," என்பாய் நீ. "சி உன்ன எதுவுமே கேக்காது. குழில போய் வுழுந்தாலும் சரின்னு கூடவே வரும்."

"எழுதறவ ஒழுங்கா எழுதினா எந்த மொழியா இருந்தா இன்னா? தமிழ்ல அழகாவும் பேசலாம், கண்டபடியும் பேசலாம். தமிழ் இன்னாடி பண்ணும்?"

"தமிழ் உன்னத் தடுக்காது. இது தடுக்கும்," என்று திரையைத் திருப்பிக் காட்டுவாய்.

நீ காட்டியது ரஸ்ட். எழுதியதை வரிவரியாகச் சரிபார்த்து, பிடிக்கவில்லை என்றால் ஓடவே விடாமல் திருப்பி அனுப்பிவிடும் மொழி. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்குத் துரு என்று பொருள் என்பதை நீ வீட்டில் சொன்ன அன்று உன் அப்பா விழுந்து விழுந்து சிரித்தாரே, ஞாபகம் இருக்கிறதா? ஆயுசெல்லாம் துறைமுகத்தில் கப்பல் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு துருவைச் சுரண்டிப் பெயிண்ட் அடித்தவர். "நான் சொரண்டிப் போட்டத்த நீ எழுதி சம்பாரிக்கிறியா? நல்லா கீதும்மா உங்க பொழப்பு!"

மனிதர்கள் தப்பு செய்வார்கள், களைத்துப்போவார்கள், மறப்பார்கள், அதனால் மொழி கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது உன் கட்சி. எனக்கு அது பிடிக்காது. என்னைக் குழந்தையாக நினைக்கிறதா அந்த மொழி என்று கோபம் வரும். கடைசியில் என் புரோகிராமைத் தூக்கிவிட்டு நீ ரஸ்டில் புதிதாக எழுதிப் போட்டாய். அதன் பிறகு ஐஸ் கம்பெனியிலிருந்து புகார் போனே வரவில்லை. புரோகிராம் நிற்கவில்லை. வீணாக ஊதவில்லை. நீ ஜெயித்துவிட்டாய் என்று நானே சொன்னேன், வாய் வலிக்காமல். நீ போன பிறகும் அது ஓடிக்கொண்டே இருந்தது. அந்தத் தெருப்பக்கம் போகும்போதெல்லாம், ஸ்டெல்லா உள்ளே வேலையில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன்.

அப்புறம் அந்த மத்தியானம்.

மிஷின் ரூமில் ஒரு வால்வு வெடித்துப் பிய்த்துக்கொண்டது. சென்சாருக்கு நேர் கீழே. ஏழுமலை அண்ணன் உள்ளே இருந்தார். அவர்தான் அங்கே மிஷின் ஓட்டுபவர், நீ பார்த்தவர்தான். சங்கு ஊதியிருந்தால் வெளியே இருந்தவர்கள் அந்த நொடியே ஓடி வந்திருப்பார்கள். ஊதவில்லை. பக்கத்து ஷெட்டில் மீன்பெட்டிக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு வாடை வந்த பிறகுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. அவர்கள் கோணிப்பையைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய், தரையில் தவழ்ந்துகொண்டிருந்தவரை இழுத்து வந்தார்கள்.

நானும் நம் முதலாளி ராஜசேகர் சாரும் போய்ச் சேர்ந்தபோது தெருவெல்லாம் கூட்டம். தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தார்கள். கண் எரிந்தது. ஒரு பெண் என் சட்டையில் இருந்த கம்பெனி அட்டையைப் பார்த்துவிட்டு, "நீங்க தானே சங்கு வெச்சவங்க? இன்னாத்துக்கும்மா வெச்சீங்க?" என்று கேட்டாள். எனக்கு அப்போதுதான் சங்கு ஊதவில்லை என்பதே தெரியும்.

வாடை அடங்கிய பிறகு உள்ளே விட்டார்கள். பொத்தானைக் கையால் அழுத்திப் பார்த்தோம், சங்கு ஊதியது. கரண்ட் இருந்தது. கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் எல்லாம் பச்சை, ஒரு மூலையில் மட்டும் சின்னதாக ஒரு மஞ்சள் புள்ளி. "சென்சார் பதில் இல்லை." புரோகிராம் நிற்கவில்லை, ஸ்டெல்லா. ஒரு பிசிறு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் விழுந்து கிடக்க, அது பச்சை காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"ரஸ்ட்ல எழுதினதாச்சே, எப்படிங்க?" என்றார் சார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

அடுத்த நாள் ஆபீசில், அந்த மத்தியானம் சென்சார் அனுப்பியதையெல்லாம் எடுத்து உன் புரோகிராமுக்கு மறுபடியும் ஊட்டிப் பார்த்தேன். ஒரு அளவு சாதாரணம். அடுத்த அளவு, தவறு என்பதற்கான குறி. நடுவில் ஒன்றுமில்லை. கெட்டுப்போனால் அந்தச் சென்சார் ஒரு குறி அனுப்பும் என்று நமக்குத் தெரியும். தாங்க முடியாத அளவுக்குக் கேஸ் வந்தாலும் அதே குறியைத்தான் அனுப்பும் என்று நமக்குத் தெரியாது. அதை விற்றவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஆமாங்க மேடம், ரெண்டுக்கும் ஒண்ணுதான்," என்றார் ஒருவர் போனில், ஏதோ கடை திறக்கும் நேரம் சொல்வதுபோல.

உன் புரோகிராம் அந்தக் குறியைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டது. பதில் வரவில்லை என்று எடுத்துக்கொண்டது. பதில் வராவிட்டால் கடைசியாக வந்த நல்ல அளவையே வைத்துக்கொள், மஞ்சள் விளக்கைப் போடு, சங்கு ஊதாதே. நீ எழுதியிருந்தது அது. தெளிவாக, அழகாக, யார் படித்தாலும் புரியும்படி. பலமுறை படித்தேன். உன் எழுத்தில் இருக்கும் சுத்தம் அப்படியே இருந்தது. ஒரு தப்பும் இல்லாத தப்பு அது.

அப்புறம் நான் செய்ததைச் செய்திருக்கக் கூடாதோ என்று இப்போதும் தோன்றுகிறது. தூக்கிப்போட்ட என் பழைய புரோகிராமைத் தேடி எடுத்து, அதே அளவுகளை அதற்கும் ஊட்டினேன்.

அது ஊதியது.

ஆபீசே திரும்பிப் பார்த்தது. நான் அந்தக் குறி என்ன ஏது என்று பார்க்கவே இல்லை, அதனால் அதை ஒரு பெரிய அளவு என்று நினைத்துக்கொண்டு என் புரோகிராம் ஊதிவிட்டது. நீ கேலி செய்த அதே அலட்சியம். "பார்த்தீங்களா, சி-ன்னா சி தான்," என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் சென்சார் வயரைப் பிடுங்கிக் காட்டினேன். வயர் இல்லாவிட்டால் என் புரோகிராமுக்குப் பூஜ்யம் வரும். பூஜ்யம் என்றால் கேஸே இல்லை என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும். எத்தனை நாளானாலும் இருக்கும். உன்னுடையதாவது மஞ்சள் போடும். "இது நல்லா எழுதினது இல்ல. அன்னைக்கு அதிர்ஷ்டத்துல தப்பிச்சிருக்கும், அவ்ளோதான்," என்றேன். சொல்லிவிட்டுப் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நம் சண்டையில் நான் ஜெயித்த நாள் அது. உன் நாற்காலி காலியாக இருந்தது.

சாயந்திரம் ராஜசேகர் சார் கூப்பிட்டார்.

"மித்ரா, ரிப்போர்ட்ட சிம்பிளா எழுதிடுங்க. புது மொழி, நமக்குப் பழக்கமில்ல, அதுல கோளாறு. எழுதினவங்க இப்ப இல்ல. பழைய புரோகிராமையே திரும்பப் போட்டாச்சு. முடிஞ்சுது."

"மொழில கோளாறு இல்ல சார்."

"அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஐஸ் கம்பெனிக்காரருக்கு எதுக்கு? இறந்தவங்களுக்கு இதனால என்ன ஆகப்போகுது சொல்லுங்க?"

உன் பெட்டியைத் தோளில் தூக்கியவர் அவர், ஸ்டெல்லா. கல்லறையில் உட்கார்ந்து அழுதவர். அதே வாயால் இதைச் சொன்னார். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. பயந்துபோயிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் உன் அண்ணன் வேறு மாதிரி. "சென்சார் கெட்டுப்பூட்ச்சுன்னு எழுது. அவ பேர இதுல இழுக்காத மித்ரா. போனவள நிம்மதியா வுடு." அவர் கண் சிவந்திருந்தது. ஒருவர் உன் தலையில் முழுவதையும் போடச் சொன்னார். இன்னொருவர் உன்னைத் தொடவே கூடாது என்றார். இரண்டு பேருக்கும் நீ அங்கே இல்லை என்பதுதான் வசதியாக இருந்தது.

உன் அப்பா எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் குசுகுசுத்தது அவர் காதில் விழவில்லை என்று நினைத்தோம்.

"மித்ராம்மா. நேரா சொல்லு. எம்பொண்ணு எழுதினத்தாலதான் அந்தாளு படுத்துகினு கீறாரா?"

உன் அண்ணன் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்று கண்ணாலேயே கெஞ்சினார்.

"அதனாலயுந்தான் மாமா," என்றேன்.

அவர் தட்டில் கையை வைத்தபடி அப்படியே இருந்தார். உனக்குத் தெரியும், நீ போன அன்று கூட அவர் வாய்விட்டு அழவில்லை. அன்றும் அழவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்கு என்ன அங்க இட்டுகினு போ," என்றார்.

"அங்க போய் இன்னா நைனா சொல்லுவ?" என்றார் உன் அண்ணன்.

"தெரிலடா. போவணும், அவ்ளோதான்."

ஏழுமலை அண்ணனுக்குக் கண்ணில் கட்டுப் போட்டிருந்தார்கள். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் சத்தம் கேட்டது. அவர் மனைவி அஞ்சலை கட்டிலோரத்தில் நின்றுகொண்டு, நாங்கள் யாரென்று தெரியாமல் பார்த்தாள். முகத்துவாரக்குப்பத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து போய்க்கொண்டிருந்தாள்.

"நான் ஸ்டெல்லாவோட நைனாப்பா," என்றார் மாமா.

கட்டுப்போட்ட முகம் குரல் வந்த பக்கம் திரும்பியது. "எந்த ஸ்டெல்லா? கம்ப்யூட்டர் பாப்பாவா? அது எங்க? வர்லியா?"

அவருக்கு நீ போனது தெரியாது, ஸ்டெல்லா. யாரும் சொல்லவில்லை. நமக்குத் தோன்றவே இல்லை.

"அத்த வரச் சொல்லுங்க," என்றார். குரல் ஏறியது. "நாலு வார்த்த கேக்கணும். நான்தான் அதுங்கிட்ட சொன்னேன், இல்லேங்கல. பாப்பா, இது சும்மா சும்மா ஊதிகினே கெடக்குது, இப்பல்லாம் ஊதினா எவனும் ஓடறதே இல்ல, நெசமா வந்தாலும் எவனும் வர மாட்டான், எதுனா பண்ணுன்னு. பேஜாரா பூட்ச்சுன்னு நான்தான் கேட்டேன். டீ வாங்கிக் குடுத்தேன். குந்திகினு எல்லாத்தையும் கேட்டுச்சு. ஆனா சத்தத்தக் கொறைக்கத்தானே சொன்னேன்? வாயையே மூடச் சொன்னனா? அத்த வரச் சொல்லுங்க, கேக்கறேன்."

"அவ வர மாட்டாப்பா," என்றார் மாமா. "பூட்டா."

"எங்க பூட்டா?"

"செத்துட்டாப்பா. தவக்காலத்துல."

அஞ்சலை வாயைப் பொத்திக்கொண்டாள். கட்டுக்குள் ஏழுமலை அண்ணனின் கண் என்ன செய்தது என்று எனக்குத் தெரியாது. அப்புறம், "சின்னப் பொண்ணாச்சே," என்றார். கொஞ்சம் கழித்து, "எனுக்கு இன்னும் கோவம் போவலங்க," என்றார்.

"வேணாம். போவ வேணாம்," என்றார் உன் அப்பா. "நீ கோவமாவே இரு. நான் வந்தது அதுக்குத்தான். வூட்ல ஒருத்தனாவது வந்து கேட்டுக்கணும்ல."

கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. உன்னை வைவதற்கென்று ஒருவர் காத்திருந்தார், உனக்குப் பதிலாக அதை வாங்கிக்கொள்ள ஒருவர் போய் நின்றார். இதை உனக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது மாமா கேட்டார். "ஏம்மா, அந்தத் துரு மொழி ரொம்ப கண்டிப்பு, தப்பே வுடாதுன்னு சொல்லிகினே இருப்பாளே. அது ஏன் இத்த வுட்டுச்சு?"

அதைத்தான் நானும் ராத்திரி பகலாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவருக்குச் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன், சரியா என்று நீதான் சொல்ல வேண்டும். அந்த மொழி உன்னைக் கேட்டது. அளவு வராமல் போனால் என்ன செய்வாய் என்று நிறுத்தி வைத்துக் கேட்டது. பதில் சொல்லாமல் உன்னை நகர விடவில்லை. நீ ஒரு பதில் சொன்னாய். பதில் வந்ததா என்றுதான் அதற்குப் பார்க்கத் தெரியும். அமோனியா எப்படி இருக்கும், ஏழுமலை யார், வால்வு எங்கே இருக்கிறது, இதெல்லாம் அதற்குத் தெரியாது. என் மொழி என்னை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. அதனால் நான் யோசிக்கவும் இல்லை.

அப்படியென்றால் மொழியில் எதுவும் இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. நீ சொன்னதில் பாதி இப்போது எனக்குப் புரிகிறது. கேள்வி கேட்கிற மொழி கேட்காத மொழியைவிட நல்லதுதான். ஆனால் நல்ல மொழியில் எழுதிவிட்டோம் என்று நாம் எல்லோருமே கேட்பதை நிறுத்திவிட்டோம். நான் உன் புரோகிராமை ஒருமுறைகூடப் படித்துப் பார்க்கவில்லை. சார் பார்க்கவில்லை. ரஸ்ட்தானே, ஸ்டெல்லாதானே என்று இருந்துவிட்டோம். ஏழுமலை அண்ணன் சொன்னதைக் கேட்டு நீ சரியான காரணத்துக்காகத்தான் அப்படிச் செய்தாய். வீணாக ஊதுகிற சங்கும் ஆளைக் கொல்லும். அந்தக் குறிக்கு வேறு அர்த்தம் இருக்குமா என்று விற்றவர்களைக் கேட்டாயா? கேட்க நினைத்திருந்தாயா? அதற்குள்தான் அந்தத் தலைவலி வந்ததா? உன்னிடம் கேட்கத்தான் எத்தனை இருக்கிறது.

நடந்ததை நடந்தபடியே ரிப்போர்ட்டில் எழுதினேன். உன் பேர், என் பேர், யாரும் சரிபார்க்கவில்லை என்பது, சென்சாரின் குறி, என் பழைய புரோகிராம் ஊதியது, அது ஏன் நம்பத் தகுந்தது இல்லை என்பது, எல்லாம். சார் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார்.

"நம்ம கம்பெனிய நாமே மாட்டிவிடறதா?"

"பழசத் திரும்பப் போட்டா அடுத்த தடவ வயர் அறுந்தா அது சும்மா இருக்கும் சார். அப்ப யார் மேல போடுவீங்க? அத எழுதினவ நான் உயிரோட இருக்கேனே."

எனக்கே தெரியாது அது என் வாயிலிருந்து வருமென்று. அவர் முகம் வெளுத்துவிட்டது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். பிறகு வெகுநாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐஸ் கம்பெனிக்காரர் கத்தினார், வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கடைசியில் எங்களிடமே சரிசெய்யச் சொன்னார். ஏழுமலை அண்ணனின் வைத்தியச் செலவு ஒரு சண்டைக்குப் பிறகு ஐஸ் கம்பெனியின் பொறுப்பானது. அந்தச் சண்டையை அஞ்சலையும் ஐஸ் பெண்களும் போட்டார்கள்.

அந்தச் சென்சாரை நாம் வேறு எங்கெல்லாம் வைத்தோம் என்று தேடினோம். மீஞ்சூர் பக்கம் ஒரு குளிர்கிடங்கில் அதே சென்சார், புரோகிராமில் அதே பதில். அங்கே இன்னும் எதுவும் நடக்கவில்லை. நடப்பதற்கு முன்னால் போய்விட்டோம். திரும்பி வரும்போது ரயிலில் நான் அழுதேன், பக்கத்தில் இருந்த அம்மா என்ன ஏது என்று கேட்காமல் வேர்க்கடலைப் பொட்டலத்தை நீட்டினார்.

உன் மொழியிலேயே திருத்தினேன், ஸ்டெல்லா. எனக்கு அது தடவித் தடவித்தான் வரும். எத்தனை முறை திருப்பி அனுப்பியது தெரியுமா? ஒவ்வொரு முறையும் உன் குரலில் கேட்டது எனக்கு. இப்போது பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சென்சார். ஒன்று பேசாமல் போனால் விட்டு விட்டு ஊதும், வேறு சத்தம். அதற்கு ஒருவர் போய்ப் பார்த்தே ஆக வேண்டும். இரண்டும் பேசாமல் போனால் முழுச் சங்கு. அந்த இரண்டு சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது நாங்கள் இல்லை. ஐஸ் பெண்களும் ஏழுமலை அண்ணனும் ஷெட்டில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, இது வேண்டாம், லாரி ஹாரன் மாதிரி இருக்கிறது, அது வேண்டாம், மீன் வண்டி மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கித் தள்ளித் தேர்ந்தெடுத்தார்கள். சோதனை அன்று கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அண்ணன் தன் கையாலேயே வயரைப் பிடுங்கினார். ஊதியது. சோதனைதான் என்று சொல்லியும் எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன்.

கடைசியாக ஒன்று. புரோகிராமின் தலைப்பில் எழுதியவர் பேர் இருக்குமல்லவா? அதில் உன் பேரை எடுத்துவிடச் சொன்னார் சார். இத்தனைக்குப் பிறகு அது அங்கே இருந்தால் பார்ப்பவர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். உன் அண்ணனும் அதுதான் சரி என்றார். நான் மாமாவைக் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவ செஞ்சது தானேம்மா? இருக்கட்டும்," என்றார்.

எடுக்க மாட்டேன், ஸ்டெல்லா. நீ எழுதியதற்கு மேலே உன் பேர் இருக்கும். நான் திருத்தியதற்கு மேலே என் பேர் இருக்கும், ஏன் திருத்தினேன் என்பதும் இருக்கும். நாளைக்கு எனக்குப் பிறகு யாராவது வந்து என் தப்பைக் கண்டுபிடிப்பார்கள். அப்போது என் பேரையும் யாரும் எடுக்கக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரைக்கும் நீ எழுதிவிட்டுப் போனதை ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பேன். உன்மேல் இருக்கும் பிரியத்தை ஓரமாக வைத்துவிட்டுப் படிப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் அண்ணி,
சங்கமித்ரா
ராயபுரம்